சலிப்பு என்று சொல்லக் கூடாத வீடு

அம்மை வார்த்த வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நம் வயதுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை, உள்ளே இருட்டு. தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, அடுத்த வீட்டுக்கு ஒரு பிடி உப்புக்கூடக் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இவற்றோடு இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அது உங்கள் வீடுகளில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அம்மை இறங்கிப் போகும்வரை யாரும் சலிப்பாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு ஓரிடத்தில் தங்கியதில்லை. செங்கல் சூளை, நகரியில் தறிக்கு நூல் சுற்றும் வேலை, பெங்களூரில் துணிக் கம்பெனி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை என்று கால் போன பக்கமெல்லாம் போனேன். எங்கே போனாலும் அந்தச் சொல்லுக்கு அந்த ஊரில் என்ன பேர் என்பது மட்டும் என் காதில் தானாக வந்து விழும். எங்கள் திருத்தணியில் அதற்குப் பேஜாரு என்று பேர். பெங்களூரிலும் பேஜாரு என்றுதான் சொன்னார்கள், ஆனால் அங்கே அதைச் சொன்னவள் அழுதுகொண்டிருந்தாள். சூளையில் என்னோடு கல் அறுத்த மதுரைக்காரி சடைவா இருக்கு என்பாள். நகரியில் விசுகு. இப்போதைய பிள்ளைகள் கையில் போனை வைத்துக்கொண்டே போர் அடிக்குது என்கிறார்கள். அலுப்பு உடம்புக்கு வருவது, சலிப்பு மனசுக்கு வருவது என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். பேஜாரு இரண்டுக்கும் வரும், அதைக் கொண்டுவந்த ஆளையும் சேர்த்துத் திட்டும். எல்லாவற்றையும் காதால் வாங்கிக்கொண்டேன். ஒன்றையும் வாயால் சொன்னதில்லை. காரணம் தெரிந்த பிறகும் சொன்னதில்லை.

அந்தச் சித்திரையில் எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நான்கு. மலைப் படிக்கட்டுக்குப் பின்புறத் தெருவில் இரண்டு அறை ஓட்டு வீடு. நைனா அரக்கோணம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா நகரிப் பக்கத்துப் பெண். அதிர்ந்து பேசமாட்டாள். இவர்களைத் தவிர நைனாவின் அக்கா, எனக்கு அத்தை. மணவூரில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து நான் பிறப்பதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மை என்று வந்துவிட்டால் வீட்டுக்கு அவள்தான் அதிகாரி.

முதலில் எனக்குத்தான் வந்தது. மணல்வாரி. உடம்பு முழுக்க யாரோ சிவந்த மணலை இறைத்ததுபோல. காய்ச்சல் என்று சொல்லாதே, ஆத்தா அனலா இருக்கா என்று சொல். அரிக்கிறது என்று சொல்லாதே, ஆத்தா விளையாடுறா என்று சொல். இவையெல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கு மேல்தான் அத்தையின் சட்டம்.

"இத பாரு, வந்திருக்கறது வூட்டுக்கு வந்த பொண்ணு மாதிரி. வந்தவள வெச்சிக்கினு அலுப்பா கீது, சலிப்பா கீதுன்னா அவளுக்கு எப்டி இருக்கும்? பொல்லாதவ. மனசுல வெச்சிக்குவா."

"அப்ப இன்னான்னு சொல்றது அத்த?"

"குளிர்ச்சியா கீதுன்னு சொல்லு."

அம்மாவுக்கும் இதே சட்டம்தான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தனக்குள் பேசுவதுபோல், "விசுகு வஸ்தோந்தி" என்றாள். அத்தை திரும்பிப் பார்த்தாள்.

"ஆத்தாளுக்குத் தெலுங்கு தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? ஒங்க ஊரு எல்லையில நிக்கறவளும் இவதாண்டியம்மா."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. வேப்பிலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

நைனா வீட்டுக்குள் வருவதில்லை. ஷெட்டிலேயே படுத்துக்கொள்வார். இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து இளநீரையும் நுங்கையும் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, "பாப்பா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார். தம்பியை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை. என் பாயிலேயே புரண்டான். நான் குடித்த டம்ளரைப் பிடுங்கி மிச்சத்தைக் குடித்தான். அதை யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆத்தா தான் நினைத்தவர் மேல்தான் இறங்குவாள், டம்ளர் வழியாக வரமாட்டாள் என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமும்.

ஆறேழு நாளில் எனக்கு அனல் தணிந்துவிட்டது. மணல் உதிர்ந்து தோல் தவிட்டு நிறமானது. ஆனாலும் மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை அறையை விட்டு வரக் கூடாது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக ஒரு கை அகலத்துக்கு வெயில் விழும். காலையில் அரிசிப் பானை மேல் இருக்கும். மதியம் தரைக்கு இறங்கும். சாயங்காலம் எதிர்ச் சுவரில் ஏறி, ஆணியில் மாட்டிய என் பள்ளிக்கூடப் பைக்கு ஒரு சாண் கீழே வந்து அணைந்துபோகும். ஓட்டின் மேல் மலைக் குரங்கு ஓடினால் ஒரு நொடி அறை முழுக்க இருட்டும். குரங்கு வருமா என்று பார்த்துக் கிடப்பதுதான் என் வேலை. என்னிடம் ஐந்து கழற்சிக்காய்கள் இருந்தன, சாம்பல் நிறத்தில், வழுவழுவென்று. பாய்க்கடியில் ஒளித்து வைத்து ஆடினேன். அத்தை கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனாள். அவை எங்கே போயின என்று கடைசிவரை தெரியவில்லை. இப்போதும் எங்காவது கழற்சிக்காயைப் பார்த்தால் கை போகும்.

ஒன்பதாம் நாள், இரண்டாம் தண்ணீர் ஊற்றிய மதியம். வெயில் தரையில் இருந்தது. நகரவே இல்லை. அத்தை கூழ்க் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். நான் எழுந்து உட்கார்ந்து சொன்னேன்.

"பேஜாரா கீது அத்த. இவ எப்பதான் போவா?"

கிண்ணம் அவள் கையிலிருந்து விழுந்தது. கூழ் என் பாயில் ஓடியது. அவள் என்னை அடிக்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்து என் கன்னத்திலேயே போட வைத்தாள், திரும்பத் திரும்ப. அவள் கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்தேன். பெரியவர்களுக்குக் கோபத்தைத் தவிர வேறெதற்கும் கை நடுங்கும் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது.

"சின்னப் புள்ள, தெரியாம சொல்ட்டா. மனசுல வெச்சிக்காத தாயே" என்று அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவரில் யாரும் இல்லை. அதுதான் எனக்கு முதல் பயம்.

மூன்று நாள் கழித்துத் தம்பிக்கு அனல் வந்தது.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா அவன் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள், அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது. நான் போகச் சொன்னவள் போகவில்லை. என் பக்கத்தில் படுத்திருந்தவன் மேல் இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து நான் பேசுவதை நிறுத்தினேன். எந்தச் சொல் அவளுக்குக் கோபம் மூட்டும் என்று தெரியவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்டால்கூட அதற்குள் ஒரு சலிப்பு ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று பயம். தாகம் எடுத்தால் சொம்பைக் காட்டினேன்.

எனக்கு வந்ததுபோல் அவனுக்கு வரவில்லை. நான்காம் நாள் அவன் அழுகையை நிறுத்தினான். அழுதுகொண்டிருந்தபோது பயமாக இல்லை. நின்ற பிறகுதான் பயம். கூழைத் துப்பினான். இளநீர் கடைவாயில் வழிந்தது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கு விடைத்தது. தொண்டையில் பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம். அம்மா அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அண்ணி, இன்னா இது, வயிறு இப்டித் தூக்கித் தூக்கிப் போடுது?"

அத்தை குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு வேப்பிலையை அவன் மார்பில் பரப்பினாள்.

"ஆத்தா ஊஞ்சல் ஆடறா. ஆடட்டும். ஆடி முடிச்சா எறங்கிடுவா."

அம்மா நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மேல்மூச்சு வாங்கினால் ஊஞ்சல், பிதற்றினால் ஆத்தா பேசுறா, கண் செருகினால் ஆத்தா பார்க்குறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊசி போடுவார்கள், ஊசி போட்டால் அவள் குத்துப்பட்டுக் கோபித்துக்கொள்வாள். இந்தச் சொற்களுக்கு அடியில் எத்தனை பிள்ளைகள் புதைந்திருக்கின்றனவோ. அன்று எனக்கு அது தெரியாது. நானும் ஊஞ்சல் என்றே பார்க்க முயன்றேன். ஆனால் ஊஞ்சலுக்கு ஒரு நிதானம் உண்டு. இது ஓடுகிறவனின் மூச்சு. படுத்துக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தான்.

பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிறிஸ்தவ வீடு. வேதக்கார வீடு என்போம். அந்த வீட்டு அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குக் கூடமாட வேலை செய்தாள். அவளை நாங்கள் ஆஸ்பத்திரி அக்கா என்போம். துணி உலர்த்த வரும்போது சுவருக்கு மேல் அவள் தலை தெரியும். அன்று மதியம் நான் முதன்முதலாக வெளியே அனுப்பப்பட்டு, சுவர் ஓரமாகக் கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாப்பா, எந்திரிச்சிட்டியா? தம்பி எப்டி கீறான்?"

"குளிர்ச்சியா கீறான்" என்றேன்.

"ஆங், சரி" என்று அவள் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால் ஆத்தாளுக்குக் கோபம். பொய்யைச் சொன்னதற்கு அவள் சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், குழி இன்னும் ஆழமாக விழுந்தது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. இரவெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலை அத்தை அம்மன் கோயிலுக்குத் தீர்த்தம் வாங்கப் போனாள். அம்மா தம்பியின் காலடியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் துணி உதறும் சத்தம் கேட்டது. நான் ஓடினேன். கவிழ்த்துப் போட்ட உரல் மேல் ஏறி நின்றேன்.

"இன்னா?" என்றாள்.

வாயைத் திறந்தேன். எல்லாச் சொல்லும் பயமாக இருந்தது. அதனால் சொல்லவில்லை. அவன் மூச்சு விடுவதுபோல் விட்டுக் காட்டினேன். வயிற்றை உள்ளே இழுத்து, மூக்கை விடைத்து, தொண்டையில் அந்த முனகலோடு, அதே வேகத்தில். பத்துப் பதினைந்து மூச்சுக்குள் எனக்கே தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி அக்காவின் முகம் மாறியது. "தம்பியா இப்டி விடறான்? எத்தன நாளா?" கையிலிருந்த புடவையைப் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

அவள் தம்பியின் மார்பில் காதை வைத்துக்கொண்டிருந்தபோது அத்தை தீர்த்தச் சொம்போடு வாசலில் வந்து நின்றாள்.

"யாரு உள்ள வுட்டது ஒன்ன? அம்மை கீற வூட்ல, பொணத்தத் தொட்ட கையோட வந்து நிக்கறியே."

"இன்னும் ஒரு நாளு வுட்டா இவனையும் அப்டித்தான் தொடணும், பெரீம்மா. நெஞ்சில சளி கட்டிக்கினு கீது. இது ஊஞ்சலும் இல்ல, தொட்டிலும் இல்ல."

"வேதத்துக்குப் போனவளுக்கு எங்க ஆத்தாளப் பத்தி இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. மூச்சு தெரியும்."

அம்மா எழுந்தாள். தம்பியை வேப்பிலையோடு சேர்த்து மஞ்சள் துணியில் சுருட்டித் தோளில் போட்டாள். அத்தை வாசலுக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"படி தாண்டாத. தாண்டினா கோச்சிக்குவா. நான் சொல்றன் கேளு, தாண்டாத."

"கோச்சிக்கட்டும் அண்ணி. என்ன வந்து கோச்சிக்கட்டும். இவன வுட்டுட சொல்லுங்க."

அம்மா அவ்வளவு நீளமாகத் தமிழில் பேசி நான் கேட்டதில்லை. அத்தையின் கைக்குக் கீழே குனிந்து, செருப்புகூடப் போடாமல் வெயிலில் ஓடினாள். ஆஸ்பத்திரி அக்கா ஜட்கா வண்டிக்காரனைக் கத்திக் கூப்பிடுவது தெருமுனையில் கேட்டது.

அதற்கப்புறம் நான்கு நாள் நானும் அத்தையும் மட்டும். என் வாழ்க்கையில் நான் மிகவும் பயந்தது அந்த நான்கு நாள்தான். பிறகு எத்தனையோ பார்த்திருக்கிறேன், பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறேன், அதுபோல் பயந்ததில்லை. யார் சுவர் ஏறிச் சொன்னது என்று அத்தை கேட்கவே இல்லை. சமைத்தாள், விளக்கேற்றினாள், கண்ணாடி ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நைனா ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். சேதி ஏதும் வரவில்லை. வாசலில் யாராவது நடந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்வோம். நடந்தவர் கடந்து போனதும் வேறு வேறு பக்கம் பார்ப்போம்.

ஐந்தாம் நாள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். எதற்கென்று சொல்லவில்லை. வழியெல்லாம் நான் மோசமானதையே நினைத்துக்கொண்டு போனேன்.

தம்பி இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமாக. மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிய அடையாளம். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, பேஜாரா கீது. வூட்டுக்குப் போலாம்."

நான் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். இறுக்கிப் பொத்தினேன். அவன் திமிறி என் உள்ளங்கையைக் கடித்துவிட்டான். ஆஸ்பத்திரி அக்கா ஓடி வந்து என்னை இழுத்தாள்.

"இன்னா பாப்பா நீ, பொழைச்ச புள்ளைய மறுபடியும் மூச்சு முட்ட வெக்கற? சொல்லட்டும் வுடு. நாலு நாளு முந்தி அத சொல்றதுக்கு அவனுக்கு மூச்சு இருந்துச்சா? சாவக் கெடக்கற புள்ளைக்குப் பேஜாரு வராது. பொழைச்சாதான் வரும்."

அம்மா சிரித்தாள். அத்தையைத் திரும்பிப் பார்த்தேன், அவள் இல்லை. வெளியே குழாயடியில் குந்தியிருந்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். என்னிடம் சொல்கிறாளா, தண்ணீரிடம் சொல்கிறாளா என்று தெரியாமல் சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணு இருந்துச்சு. ஆம்பளப் புள்ள, மூணு வயசு. பெரியம்மை. பதினோரு நாளு கண்ண மூடல நானு. ஒரு காலையில ஒடம்பு தாங்காம, போதும்டி ஆத்தா, எனக்குச் சலிச்சுப்போச்சுன்னுட்டேன். சாயங்காலம் கூட்டிக்கினு பூட்டா."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் பேசவில்லை. மணவூரிலிருந்து ஏன் திரும்பி வந்தாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

இருபது வருடம் கழித்து, நான் தரை துடைத்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்களிடம் ஒரு டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மை ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டுவது, ஒட்டியதும் தெரியாது, வெளியே வரக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகும் என்று. நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். எனக்கு வந்து பன்னிரண்டாம் நாள் தம்பிக்கு வந்தது. நான் அந்தச் சொல்லைச் சொன்னது ஒன்பதாம் நாள். அதற்கு வெகு முன்பே அது அவனுக்குள் போயிருக்கிறது, அந்த டம்ளரில். என் வாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என் பாரம் போனதைவிட அத்தையின் பாரம்தான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அன்றைக்கே திருத்தணிக்கு ரயில் ஏறினேன்.

அத்தை முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடாமல் சொன்னேன்.

"அத்த, அது வார்த்தையால வர்றதில்ல. ஒட்டிக்கினு வர்றது. ஒட்டி ரெண்டு வாரம் கழிச்சிதான் வெளிய தெரியும். நான் சொன்னதாலயும் இல்ல, நீ சொன்னதாலயும் இல்ல."

அவள் கை நின்றது. "ரெண்டு வாரமா?"

"ஆங்."

"எங்கேர்ந்து ஒட்டும்?"

"அம்மை கண்டவங்க யாராவது பக்கத்துல இருந்திருப்பாங்க. கூட்டத்துல கீட்டத்துல" என்றேன். தெரிந்தவள் சொல்லும் தோரணையில் சொன்னேன்.

அவள் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. நாள் எண்ணுகிறாள். பின்னோக்கி எண்ணுகிறாள். ஓரிடத்தில் விரல் நின்றது. நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பங்குனி உத்திரத்துக்கு அவனுக்கு மொட்டை போட மலைக்கு எட்த்துகினு வந்தேன்" என்றாள். "அவுரு வேணாம்னாரு. ரயிலு ஏறவும் எடம் இருக்காது, மலையில நிக்கவும் எடம் இருக்காது, ஆடிக்குப் பாத்துக்கலாம்னாரு. நாந்தான் கேக்கல. படி பூரா நானே தூக்கிக்கினு ஏறனேன். செவப்பா கொழுகொழுன்னு இருப்பான். வர்றவங்க போறவங்கல்லாம் வாங்கிக் கொஞ்சனாங்க. நான் குடுத்தேன்."

"எல்லாருக்கும் ரெண்டு வாரம்னு இல்ல அத்த" என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் முறத்திலிருந்து ஒரு கடலையை எடுத்து உடைத்தாள்.

"இல்லடி. ஒனக்கு யாரோ தப்பா சொல்லிக்கீறாங்க. நான் சொன்ன வார்த்தைதான்."

"ஆங் அத்த" என்றேன். "வார்த்தைதான்."